சவூட்டிக்கு இரண்டு பாதைகள்: போட்ஸ்வானா சதுப்புநிலப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

போட்ஸ்வானாவின் வடக்கே மவுன் நகரிலிருந்து சவூட்டி வழியாகக் கசானே வரை செல்லும் தடம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தொடக்கத்திலும் முடிவிலும் சற்றுத் தொலைவு தார்ச்சாலை உண்டு. நடுவில் மணல், களிமண், சில இடங்களில் தண்ணீர். இடையில் எரிபொருள் கிடைக்காது. பெரும்பகுதியில் தொலைபேசி சிக்னலும் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உள்ள வண்டி இல்லாமல் இதில் இறங்கவே முடியாது.

இந்தத் தடத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறேன். சோபே தேசியப் பூங்காவின் தெற்கு நுழைவாயிலான மாபாபேயிலிருந்து சவூட்டி முகாம் வரையிலான சுமார் 60 கிலோமீட்டர். வாயிலைத் தாண்டிய பின் தடம் இரண்டாகப் பிரிகிறது. மேற்கே மணல்மேட்டுப் பாதை, கிழக்கே சதுப்புப் பாதை. இரண்டும் சவூட்டியில்தான் போய்ச் சேர்கின்றன. அக்டோபர் மாதத்தில் மணல்மேட்டுப் பாதையில் போகும் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஊரும், சில இடங்களில் புதைந்தும் நிற்கும். அதே நாளில் சதுப்புப் பாதை கட்டாந்தரையாகக் கிடக்கும். பிப்ரவரியில் நிலைமை தலைகீழாகிவிடும். மழையில் நனைந்து இறுகிய மணலில் வண்டி தடையின்றி ஓடும். சதுப்பில் இறங்கியவரோ அன்றிரவை அங்கேயே கழிக்க நேரலாம்.

மழைக்கு மணல், வெயிலுக்குச் சதுப்பு. விதி இவ்வளவு எளிதாகத்தான் தெரியும். ஆனால் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை நம்பிப் போக முடியாத நிலை வந்தது. வானில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத மாதங்களிலும் சதுப்பில் தண்ணீர் பரவிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, பிறகு எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியின் குதிரைத்திறனைப் பற்றியும் டயர் வகையைப் பற்றியும் பேசுவது வீண் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பயணத்தில் முதலில் படிக்க வேண்டியது நிலத்தை.

பழைய ஏரியின் கரையும் அடியும்

வடக்கு போட்ஸ்வானாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் மாபெரும் ஏரி ஒன்று மூடியிருந்தது. நிலவியலாளர்கள் அதைத் தொல் மக்காடிக்காடி ஏரி என்கிறார்கள். இன்று தெற்கே உப்புப் படுகையாக வெளுத்துக் கிடக்கும் மக்காடிக்காடி, ங்காமி ஏரி, மாபாபே பள்ளம் எல்லாம் அதன் மிச்சங்கள். அந்த ஏரி பல்லாயிரம் ஆண்டுகளில் பலமுறை பெருகியது, சுருங்கியது. அதன் அலைகள் கரையில் குவித்த மணல்தான் மக்விக்வே மணல்மேடு. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். சில இடங்களில் சுற்றுநிலத்தைவிட 20 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. ஏரியின் அடியில் படிந்த நுண்வண்டல்தான் மாபாபே பள்ளத்தின் களிமண்.

ஆகவே மணல்மேட்டுப் பாதையில் போகிறவர் ஒரு பழைய கடற்கரை போன்ற இடத்தின் மேல் வண்டி ஓட்டுகிறார். சதுப்புப் பாதையில் போகிறவர் அதே நீர்நிலையின் அடித்தரையில் ஓட்டுகிறார். மணலை உருவாக்கியதும் களிமண்ணை உருவாக்கியதும் ஒரே நீர்தான். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இந்த இரண்டும் மழைக்கு நேர் எதிராக நடந்துகொள்கின்றன. கரடுமுரடான மணல்துகள்களுக்கு இடையே சிறிது ஈரம் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். காய்ந்துவிட்டால் பிடிப்பு போய்விடும். களிமண் நீரைக் குடித்து உப்பும், வழுக்கும், டயரின் பள்ளங்களை நிரப்பிச் சக்கரத்தை மொழுக்கையாக்கிவிடும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நம் ஊர்க் கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாபாபேயின் மண்ணும் அந்தக் குணம்தான்.

காய்ந்த களிமண்ணிலும் ஒரு தொல்லை இருக்கிறது. சேறாக இருந்தபோது யானைகள் பதித்த காலடிகள் அப்படியே இறுகிப் பள்ளங்களாக நிற்கும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் கூரைமேல் கட்டிய கூடாரத்தின் திருகுகள்கூடக் கழன்றுவிடும். ஆனால் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. மெதுவாகப் போனால் போதும்.

ஓடை வந்ததும் போனதும்

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம்.

அங்கோலாவின் மேட்டுநிலத்தில் குவாண்டோ ஆறு பிறக்கிறது. தெற்கு நோக்கி வரும் அது, போட்ஸ்வானா எல்லையை ஒட்டி ஒரு நிலப்பிளவில் மோதி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புவதுபோல வடகிழக்கே வளைகிறது. அங்கிருந்து அதன் பெயர் லின்யான்ட்டி. இன்னும் கீழே சோபே. கடைசியில் கசுங்குலா அருகே சாம்பசி ஆற்றில் கலக்கிறது. அந்தக் கூர்மையான வளைவில் ஜிபாடியாஞ்சா என்ற தேக்கம் இருக்கிறது. அதிலிருந்து கிழக்கே பிரிவதுதான் சவூட்டி ஓடை. சுமார் 100 கிலோமீட்டர் நெளிந்து வந்து, மணல்மேட்டை ஊடறுத்து, குபாட்சா குன்றுகளுக்கு அருகே வந்து, மாபாபே பள்ளத்தின் விளிம்பில் பரந்து சவூட்டிச் சதுப்பாகிறது. அதன் சரிவு மிகமிகக் குறைவு. தலைமாட்டில் நீர்மட்டம் சற்று ஏறினால்தான் ஓடைக்குள் தண்ணீர் நுழையும். சற்று இறங்கினால் ஓடை பட்டினி கிடக்கும்.

1851இல் டேவிட் லிவிங்ஸ்டனும் வில்லியம் ஆஸ்வெல்லும் மாட்டுவண்டிகளோடு இந்தப் பகுதியைக் கடந்து லின்யான்ட்டிக்குப் போனபோது ஓடையில் நீர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது வறண்டுவிட்டது. பிறகு எழுபது ஆண்டுகளை ஒட்டிய நெடுங்காலம் வெறும் மணல். இரண்டு தலைமுறை மனிதர்கள் அதை ஆறு என்றே அறியாமல் வாழ்ந்திருக்கலாம். ஒட்டக முள்மரங்கள் எனப்படும் கருவேல இனத்து மரங்கள் ஆற்றுப்படுகையின் நடுவிலேயே முளைத்துப் பெருமரங்களாயின. 1950களின் இறுதியில் தண்ணீர் திரும்பியது. அந்த மரங்கள் நின்ற இடத்திலேயே மூழ்கிச் செத்தன. அவற்றின் வெளுத்த தண்டுகளைப் படுகையில் இன்றும் பார்க்கலாம். இந்த நிலத்தில் பாதையை எவ்வளவு காலத்துக்கு நம்பலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம்.

1960களின் நடுவில் சிறிது தடைப்பட்டாலும் 1980களின் தொடக்கம் வரை ஓடை ஓடியது. 1982இல் மறுபடி நின்றது. குட்டைகள் சுருங்கச் சுருங்க நீர்யானைகளும் முதலைகளும் கெளுத்தி மீன்களும் எஞ்சிய சேற்றில் நெருக்கியடித்து மாண்டன. அடுத்த கால் நூற்றாண்டு சவூட்டிக்கு வந்த வண்டிகளெல்லாம் ஒரு வறண்ட நிலத்துக்குத்தான் வந்தன. அந்தக் காலத்து வழிக்குறிப்புகளில் ஓடை என்பது ஏறி இறங்க வேண்டிய ஒரு மணல் பள்ளம், அவ்வளவுதான்.

2008இல் தண்ணீர் தலைகாட்டியது. ஒரேயடியாகப் பாய்ந்து வரவில்லை. காய்ந்த மணலை நனைத்து, குடிக்கக் கொடுத்து, பிறகு சற்று முன்னேறி, மறுபடி நின்று, ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தது. 2010இன் தொடக்கத்தில் சதுப்பை எட்டியது. அப்போதுதான் நான் மேலே சொன்ன எளிய விதி உடைந்தது. அங்கோலாவில் மழை பெய்வது நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த நீர் சதுப்புகளையும் நாணற்காடுகளையும் வடிந்து கடந்து வரப் பல மாதங்கள் ஆகும். உள்ளூரில் மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும் உலர்ந்த பருவத்தில்தான் வெள்ளம் வந்து சேர்கிறது. ஆகவே சதுப்பில் ஓடைநீர் பரவியிருக்கும் ஆண்டுகளில், வெயில் காய்கிறதே என்று சதுப்புப் பாதையை நம்பிவிட முடியாது.

இது ஏன் நிகழ்கிறது என்பதில் இரண்டு விளக்கங்கள் உண்டு. இப்பகுதி கிழக்காப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கிளை என்றும், பூமிக்கடியில் நிகழும் சிறு அசைவுகள் நிலத்தைச் சற்றே சாய்ப்பதால் நீர் திசை மாறுகிறது என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். மேட்டுநிலத்து மழையின் பல்லாண்டு ஏற்ற இறக்கமே காரணம் என்பது மற்றது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். 2008க்குப் பிறகு திரும்பியது சவூட்டி மட்டுமன்று. பக்கத்து ஒக்கவாங்கோ ஆறு பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் பெருகியது. அதன் நீர் செலிண்டா என்ற ஓடை வழியாக லின்யான்ட்டிப் பக்கம் வந்து தொட்டது. 1990களிலிருந்து காய்ந்து கிடந்த போட்டெட்டி ஆறு ஓடியது. ங்காமி ஏரி நிரம்பியது. பிறகு எல்லாமே பின்வாங்கின. சவூட்டி ஓடை சில ஆண்டுகளில் சுருங்கத் தொடங்கியது. 2019இல் வறட்சி உச்சத்துக்குப் போய், மவுன் நகரத்து ஆற்றுப்படுகையே காய்ந்தது. தனித்தனி ஆறுகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்போது காரணத்தை மேலே, மழையில் தேடுவதே பொருத்தமாகப் படுகிறது. நிலச்சாய்வுக்கும் பங்கிருக்கலாம், ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடாது.

லிவிங்ஸ்டனின் பயணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய எருதுகளில் 43, ட்செட்சி ஈ கடித்துச் செத்தன. கால்நடைகளைக் கொல்லும் இந்த ஈதான் மேய்ச்சல்காரர்களை இந்தச் சதுப்புகளுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. 2001, 2002 ஆண்டுகளில் ஒக்கவாங்கோ சதுப்புகள் மீது விமானம் மூலம் மருந்து தெளித்து அதை ஒழித்தார்கள். இன்று காட்டையும் மாட்டையும் பிரித்து நிற்பவை கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள். அவற்றின் சோதனைச் சாவடிகளில் வண்டியிலுள்ள பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். எந்தத் திசையில் போகும்போது இறைச்சி வைத்திருக்கக் கூடாது என்பதை மவுனிலேயே கேட்டுக்கொண்டு சமையலைத் திட்டமிட வேண்டும்.

மணலில் வண்டி

மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும்விட டயர்க் காற்றுதான் முக்கியம். தார்ச்சாலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை இருக்கும் காற்றை 20க்கு இறக்கினால் டயர் தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் பெருகுகிறது. வண்டி மணலை உழுவதை விட்டுவிட்டு அதன் மேல் மிதந்து போகும். புதைந்துவிட்டால் 15 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திரும்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்றைக் குறைத்த பின் வேகம் கூடவே கூடாது. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். மொபானி மரத்தின் முறிந்த அடிக்கட்டைகள் அந்தப் பக்கச்சுவரைக் குத்துவதற்கென்றே தடத்தோரம் நிற்கின்றன.

புதைந்த மறுகணம் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லாரும் செய்வது. அது குழியை ஆழமாக்கும், வேறொன்றும் செய்யாது. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். வந்த சுவட்டிலேயே பின்னால் எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இறங்கி, அச்சுக்கு அடியிலிருக்கும் மணலை மண்வெட்டியால் எடுத்து, காற்றை இன்னும் இறக்கி, சக்கரத்துக்கு முன் பலகை வைத்துத்தான் கிளம்ப முடியும். அதற்கு முன்பு சுற்றிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இது யானைகளும் சிங்கங்களும் நடமாடும் இடம். ஒருவர் தோண்டினால் ஒருவர் காவல் நிற்கத்தான் வேண்டும்.

காலையில் மணல் குளிர்ந்து சற்றே ஈரம் பிடித்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு மாவு மாதிரி இளகிவிடும். மாபாபே வாயிலைக் காலையிலேயே தாண்டுகிறவருக்கும் மதியம் இரண்டு மணிக்குத் தாண்டுகிறவருக்கும் கிடைப்பது ஒரே பாதை என்று சொல்ல முடியாது. எரிபொருள் கணக்கும் மணலில் மாறுகிறது. தார்ச்சாலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் பாரமேற்றிய டீசல் வண்டி இங்கே 5 கொடுத்தால் நல்லது. விலங்குகளைத் தேடிச் சுற்றுவதும் சேர்ந்துகொள்ளும். 350 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்புவது ஆபத்தான சிக்கனம்.

மழைக்குப் பிந்தைய மாதங்களில் தடத்தின் நடுத்திட்டில் புல் உயர்ந்து நிற்கும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடேற்றும். முன்பக்கம் மெல்லிய வலை கட்டினால் இதைத் தடுக்கலாம். வண்டியின் அடியில் சிக்கும் காய்ந்த புல் இன்னும் கொடியது. சூடான சைலன்சரை ஒட்டிக்கொண்டு தீப்பிடிக்கும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதிலும் வண்டிகள் இப்படி எரிந்து போயிருக்கின்றன. சிறிது தொலைவுக்கு ஒருமுறை நிறுத்தி, குனிந்து பார்த்து, புல்லைப் பிடுங்கி எறிவது சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாதவரோடு நான் பயணம் போகமாட்டேன்.

தண்ணீரில் வண்டி

மாபாபேக்கு மேற்கே குவாய் ஆற்றுப் பக்கம் சுற்றி வருகிறவர்கள் தண்ணீரைக் கடக்கத்தான் வேண்டும். வேறு நாடுகளில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், கடக்கும் இடத்தை நடந்து பார் என்பது. இங்கே அது தற்கொலை. நீர்யானையும் முதலையும் உள்ள நீரில் கால் வைக்கக் கூடாது. அதனால் கண்ணால்தான் அளக்க வேண்டும். புதிய சக்கரச் சுவடு உள்ளே போகிறதா, அதே சுவடு மறுகரையில் ஏறியிருக்கிறதா, வெளியேறிய இடத்தில் ஈரம் எவ்வளவு உயரத்துக்குத் தெறித்திருக்கிறது? ஐயம் இருந்தால் இன்னொரு வண்டி வரும் வரை காத்திருப்பதே சரி. குவாய், மாபாபே கிராமத்தினர் தங்கள் சமூக அறக்கட்டளைகள் மூலம் இந்தப் பகுதிகளை நிர்வகிக்கிறார்கள். இவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இந்த நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த மக்களின் வழிவந்தவர்கள். குவாய் மக்கள் மோரெமி வனவிலங்குக் காப்பகம் அமைந்தபோது அதற்குள்ளிருந்து இடம்பெயர வைக்கப்பட்டவர்கள். ஆற்றைக் கடக்கும் எந்த இடம் இந்த வாரம் வண்டியைத் தாங்கும் என்று அவர்களிடம் கேட்பதுபோல வேறு யாரிடமும் கேட்க முடியாது. ஜிபிஎஸ் வரைபடம் போன ஆண்டு ஓட்டியவரின் சுவட்டைக் காட்டும். இந்த ஆண்டின் ஆழத்தைக் காட்டாது.

இறங்குவதென்று முடிவு செய்தால் வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீல்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில், இரண்டாம் கியர். நடுவில் கியர் மாற்றக் கூடாது. வண்டிக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும் அளவுக்குச் சீரான வேகம். எஞ்சின் நடுநீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். இழுத்துக் கரையேற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். முதல் நிமிடத்துப் பதற்றம் ஒரு எஞ்சினையே விலையாகக் கேட்கும்.

முகாமும் யானையும்

சவூட்டி முகாமுக்கு வேலி இல்லை. குளியலறைக் கட்டடத்துக்கு மட்டும் கோட்டை மதில்போலத் தடித்த கான்கிரீட் சுவர். ஓடை வறண்ட காலத்தில் யானைகள் தண்ணீர்க் குழாய்களை மோப்பம் பிடித்து வந்து பிடுங்கிக் குடித்ததால் எழுந்த சுவர் அது. பூங்கா நிர்வாகம் ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்துத் தொட்டிகளில் விட்டது. ஆண் யானைகள் அவற்றைச் சுற்றிக் கூட்டமாக நின்றன. அதே வறட்சிக் காலத்தில்தான் சவூட்டிச் சிங்கங்கள் இரவில் யானைகளையே வேட்டையாடியது பதிவானது. ஓடையின் வறட்சி பாதையை மட்டும் மாற்றவில்லை, யார் யாரைத் தின்பது என்பதையும் மாற்றியது. யானைகள் மோப்பம் பிடித்து வரும் என்பதால் வண்டிக்குள் ஆரஞ்சுப் பழம் வைத்திருக்க வேண்டாம் என்று இங்கே வருகிறவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் அலட்சியம் வராது.

பிரிவில் எடுக்கும் முடிவு

மாபாபே வாயிலில் முன்பதிவுச் சீட்டைக் காட்டும்போதே மூன்றைக் கேட்க வேண்டும். சதுப்புப் பாதை திறந்திருக்கிறதா, கடைசி வண்டி எப்போது அதில் வந்தது, நீர் மழைநீரா ஓடைநீரா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மழைநீர் என்றால் சில நாள் வெயிலில் களிமண் இறுகிவிடும், காத்திருக்கலாம். ஓடைநீர் என்றால் அது இன்னும் ஏறும் வாய்ப்பே அதிகம், காத்திருந்து பயனில்லை.

பதிலில் தெளிவில்லை என்றால் எந்தப் பருவமாக இருந்தாலும் நான் மணல்மேட்டைத்தான் எடுப்பேன். மணலில் புதைந்த வண்டியைக் கையில் மண்வெட்டி இருந்தால் ஒரு மனிதர் வெளியே எடுத்துவிடலாம். களிமண்ணில் அச்சு வரை போன வண்டியை இன்னொரு வண்டி இழுத்தால்தான் உண்டு. இழுக்க வரும் வண்டியும் பக்கத்திலேயே புதையும். சேற்றைத் தவிர்க்கத் தடத்தை விட்டு விலகி ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. பூங்காவில் அது சட்டப்படி குற்றம். ஈரக் களிமண்ணில் ஒருவர் விட்டுப்போகும் சக்கரப் பள்ளம் காய்ந்து பல ஆண்டுகள் நிற்கும்; அடுத்த மழையில் அதுவே வாய்க்காலாகி நீரை இழுத்துக்கொண்டு போகும். வரிக்குதிரைகள் தேடிவரும் புல் அந்தக் களிமண்ணில்தான் முளைக்கிறது. முன்னே போக முடியாவிட்டால் அரை நாள் வீணானாலும் பிரிவுக்குத் திரும்பிவந்து மற்றப் பாதையை எடுக்க வேண்டும்.

சவூட்டியிலிருந்து வடமேற்கே லின்யான்ட்டி முகாமுக்கு 40 கிலோமீட்டர் இருக்கும். ஓடையின் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போக விரும்புவார்கள். விருப்பம் நியாயமானது. ஆனால் அந்த மணல் மணல்மேட்டுப் பாதையைவிட ஆழம், வண்டிகள் வருவதும் மிகக் குறைவு. இரண்டு வண்டிகளும் ஒரு சாட்டிலைட் தொலைபேசியும் இல்லாமல் அதில் திரும்பக் கூடாது. ஒற்றை வண்டியில் வந்தவர் சவூட்டியிலிருந்து கோஹா வாயில் வழியாகக் காச்சிகாவுக்குப் போய்விடுவதே சரி. அந்த வழியிலும் மணல் உண்டு, ஆனால் உதவிக்கு ஆள் வரும். காச்சிகாவில் தார்ச்சாலை தொடங்குகிறது. அங்கே கம்ப்ரசரை எடுத்து நான்கு டயர்களுக்கும் காற்றடித்து, வண்டியின் அடியில் படிந்த புல்லைக் கடைசியாக ஒருமுறை பிடுங்கிவிட்டுத்தான் கசானேக்கு வேகமெடுக்க வேண்டும்.